ரிப்பீட் குறிகளில் வழி தவறாமல் வாசிப்பது எப்படி?

நவம்பர் கடைசி வாரத்தில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி ஆலயங்களில் கேரல் ஒத்திகை தொடங்கிவிடும். ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக் குறியீடு) படிக்கத் தொடங்கி ஒன்றிரண்டு வருடமே ஆன பிள்ளைகளும் அதில் பெரியவர்களோடு உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒரு சுரம் தவறினால் பாட்டு நின்றுவிடாது. அடுத்த சுரத்தில் சேர்ந்துகொள்ளலாம். ரிப்பீட், அதாவது ஒரு பகுதியை மறுபடி வாசிக்கச் சொல்லும் குறி, வந்த இடத்தில் பாதிப் பேர் மேலே போய், மீதிப் பேர் கீழே இறங்கி, கீபோர்டு வாசிக்கும் பையன் கையை எடுத்துவிட்டு "மாஸ்டர், மறுபடி மேலயா?" என்று கேட்கும்போதுதான் பாட்டு நிற்கும். பாடகர் குழு ஒத்திகைகளில் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்கே போகிறது.

ஆகவே ஒரே ஒரு பழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். புதிய தாள் கைக்கு வந்ததும் சுரத்தைத் தொடாதீர்கள். பென்சிலை எடுத்து, எந்தப் பாரிலிருந்து எந்தப் பார் வரை (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட தாளக் கட்டம்தான் பார்), பிறகு எங்கே என்று முழு வழியையும் தாளின் தலைப்பில் ஒரே வரியில் எழுதுங்கள். கீழே வரும் எல்லாமே அந்த ஒரு வரியைப் பிழையில்லாமல் எழுதுவதற்கான விளக்கம்தான்.

புள்ளி எந்தப் பக்கம் பார்க்கிறது

ஐந்து கோடுகளில் நடுக்கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று, தடித்த கோடு ஒன்று. இதுதான் ரிப்பீட் குறி. புள்ளிகள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கத்து இசைதான் மறுபடி வரும். புள்ளிகள் கோட்டுக்கு இடப்பக்கம் இருந்தால் அது முடியும் குறி; அங்கிருந்து திரும்ப வேண்டும். வலப்பக்கம் இருந்தால் தொடங்கும் குறி. திரும்பி வந்து நிற்க வேண்டிய இடம் அது. தொடங்கும் குறியை முதல் தடவை கடக்கும்போது ஒன்றும் செய்ய வேண்டாம். இடத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

தொடங்கும் குறியே இல்லாமல் முடியும் குறி மட்டும் இருந்தால் பாட்டின் ஆரம்பத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் வேறொரு ரிப்பீட் முடிந்திருந்தால், அது முடிந்த இடத்துக்கு அடுத்த பாருக்குத்தான் திரும்ப வேண்டும், பாட்டின் ஆரம்பத்துக்கு அல்ல. இரண்டு ரிப்பீட்டுகள் அடுத்தடுத்து வரும் பழைய நடன இசைத் தாள்களில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். எத்தனை முறை என்று எழுதாவிட்டால் மொத்தம் இரண்டு முறை. மூன்று முறை வேண்டும் என்றால் குறியின் மேல் "3 முறை" என்கிற பொருளில் எழுதியிருக்கும். அது மொத்தக் கணக்கு, கூடுதலாக மூன்று அல்ல.

முதல் பார் முழுதாக இல்லாத பாட்டுகளில் கவனம் தேவை. பாருக்கு மூன்று அடி வரும் முக்கால் தாளத்தில் ஒரு பாட்டு ஒற்றை அடியில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்நாடக இசை படித்தவர்களுக்கு இது அதீத எடுப்பு மாதிரி, சமத்துக்கு (தாளத்தின் முதல் அடிக்கு) முன்பே பாட்டு வந்துவிடுகிறது. அப்படியானால் ரிப்பீட்டுக்கு முந்தைய கடைசிப் பாரில் இரண்டு அடிதான் அச்சாகியிருக்கும். அந்த இரண்டும் ஆரம்பத்தின் ஒன்றும் சேர்ந்து மூன்று. கடைசிப் பாரை மூன்றாக எண்ணி நின்றுவிட்டுத் திரும்பினால் ஓர் அடி கூடிவிடும், டிரம்ஸ் வாசிப்பவர் தனியாகப் போய்விடுவார். திரும்புகிற இடத்தில் "ஒன்று, இரண்டு" என்று எண்ணி "மூன்று" என்பதை ஆரம்பச் சுரத்தின் மேல் சொல்லிப் பழகினால் இது சரியாகும்.

கூரை போட்ட பார்கள்

பாருக்கு மேலே ஒரு கோடு கூரை போல ஓடி, அதன் இடது ஓரத்தில் 1 என்று இருந்தால் அது முதல் முடிவு. பக்கத்திலேயே 2 என்று இன்னொரு கூரை இருக்கும். முதல் முறை 1-இன் கீழ் இருப்பதை வாசித்துத் திரும்பி வர வேண்டும். இரண்டாம் முறை 1-இன் கூரைக்கு வந்ததும் அதைத் தொடாமல் தாண்டி 2-க்குப் போக வேண்டும். இரண்டாம் முறையும் 1-ஐ வாசித்துவிட்டு, அதன் பிறகு 2-ஐயும் வாசிப்பது வழக்கமான தவறு. கண் நேர்கோட்டில் ஓடிப் பழகியதால் வருவது அது. கூரைக்கு முந்தைய பாரின் கடைசிச் சுரத்திலிருந்து 2-ஆம் கூரையின் முதல் சுரத்துக்குப் பென்சிலில் ஒரு வளைவு போடுங்கள். அந்த இரண்டு சுரங்களை மட்டும் எடுத்துப் பத்து முறை வாசியுங்கள். கை அந்தத் தாண்டலைப் பிடித்துக்கொள்ளும்.

கூரைகளில் ஒரு நுணுக்கம் உண்டு. கூரைக்கு முன்னால் இருக்கும் நீண்ட சுரம் 1-ஆம் கூரைக்குள் நீண்டு போகிறது என்றால், அதே சுரம் 2-ஆம் கூரைக்குள்ளும் நீள வேண்டும். அச்சில் 2-ஆம் கூரையின் தொடக்கத்தில், இடப்பக்கம் ஒன்றும் இல்லாமல், பாதி வளைவு மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். அச்சுப்பிழை என்று நினைத்து அந்தச் சுரத்தைப் புதிதாக அடிக்கக் கூடாது.

பார்களுக்கு எண் போடும்போதும் ஒரு எச்சரிக்கை. சில பதிப்புகளில் இரண்டு கூரைகளுக்கும் தொடர்ச்சியாக எண் இருக்கும், சிலவற்றில் இரண்டுக்கும் ஒரே எண் இருக்கும். குழுவில் இரண்டு பதிப்புகள் கலந்திருந்தால் "17-ஆம் பாரிலிருந்து" என்று மாஸ்டர் சொன்னவுடன் ஆளுக்கொரு இடத்தில் தொடங்குவார்கள். எல்லோர் தாளிலும் ஒரே எண்ணைக் கையால் எழுதிவிடுங்கள். தொடக்கத்தில் உள்ள அரைகுறைப் பாருக்கு எண் கிடையாது, முதல் முழுப் பார்தான் 1.

தலை, குறி, முடிவு, வால்

இந்த நான்கு இத்தாலியச் சொற்களும் தெரிந்தால் போதும். கேபோ என்றால் தலை. டா கேபோ, சுருக்கமாக டி.சி., தலையிலிருந்து வாசி. சென்யோ என்றால் குறி. டால் சென்யோ, சுருக்கமாக டி.எஸ்., குறியிலிருந்து வாசி. அந்தக் குறி ஆங்கில எஸ் எழுத்தின் மேல் சாய்கோடு போட்டு, இருபுறமும் புள்ளி வைத்தது போல் இருக்கும். ஃபீனே என்றால் முடிவு. ஆங்கிலத்தில் நலம் என்று பொருள் தரும் சொல்லின் எழுத்துகளே இதற்கும் இருப்பதால் பிள்ளைகள் அதை "ஃபைன்" என்று படித்து, மாஸ்டர் பாராட்டி எழுதியது என்று விட்டுவிடுவதும் உண்டு. கோடா என்றால் வால். வட்டத்தின் மேல் கூட்டல் குறி போட்டது போன்ற அடையாளம் அதற்கு.

டி.சி. அல் ஃபீனே என்றால் தலைக்குப் போய், ஃபீனே என்று எழுதிய இடத்தில் முடித்துவிட வேண்டும். டி.எஸ். அல் கோடா என்றால் குறிக்குப் போய், கோடா அடையாளம் வரும் வரை வாசித்து, அங்கிருந்து நேராக வாலுக்குத் தாவ வேண்டும். முதல் தடவை போகும்போது ஃபீனேயும் கோடா அடையாளமும் கண்ணில் படும். அப்போது அவற்றுக்கு வேலை இல்லை. டி.சி.யோ டி.எஸ்.ஸோ கடந்த பிறகுதான் அவை உயிர் பெறும்.

ஒரு தாளை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 30 பார், நான்கு அடித் தாளம். 1 முதல் 4 வரை முன்னிசை. 5-ஆம் பாரில் தொடங்கும் குறியும் சென்யோவும் சேர்ந்து இருக்கின்றன. 11, 12 முதல் கூரை. 13, 14 இரண்டாம் கூரை. 15 முதல் 22 வரை எல்லோரும் சேர்ந்து பாடும் பகுதி, 22-இன் முடிவில் கோடா அடையாளம். 23 முதல் 26 வரை இணைப்பு, 26-இன் அடியில் டி.எஸ். அல் கோடா. 27 முதல் 30 வரை வால்.

தலைப்பில் எழுத வேண்டிய வரி இது:

1–12, 5–10, 13–26, குறி 5–10, 13–22, வால் 27–30.

எண்ணிப் பாருங்கள்: 12, 6, 14, 6, 10, 4. மொத்தம் 52 பார். அச்சில் 30, காதில் 52. பாருக்கு 4 அடி என்றால் 208 அடி. மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயில் பாதையில் உள்ள வளைவுகளும் 208 என்பதால் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இந்த எண் மறக்காது. மெட்ரோனோமில் (அடி எண்ணும் கருவியில்) நிமிடத்துக்கு 80 அடி என்று வைத்தால் பாட்டு 2 நிமிடம் 36 விநாடி ஓடும். ஆராதனையில் காணிக்கை எடுக்கும் நேரத்துக்குப் பாட்டு போதுமா என்று கேட்டால் இந்தக் கணக்கை வைத்துப் பதில் சொல்லிவிடலாம்.

மேலே உள்ள வரியில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். டி.எஸ். போன பிறகு 5 முதல் 10 வரை ஒரே முறைதான், ரிப்பீட் இல்லை, நேராக 13-ஆம் பாரின் இரண்டாம் கூரை. டி.சி., டி.எஸ். கடந்த பிறகு உள் ரிப்பீட்டுகளை விட்டுவிடுவதே வழக்கம். வாசிக்க வேண்டும் என்றால் அதைத் தாளில் தனியாக எழுதியிருப்பார்கள். குழு உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், 10-ஆம் பாரின் முடிவில். வழக்கம் தெரிந்தவர் 13-க்குப் போகிறார், தெரியாதவர் 11-க்குப் போகிறார். தெரியாதவர் சொல்படி எல்லோரும் ரிப்பீட் எடுத்தால் பாட்டு 60 பார் ஆகும், சரியாக 3 நிமிடம். எந்த வழி என்பதை மாஸ்டர் ஒத்திகையின் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். வழக்கத்தை மாற்றி ரிப்பீட்டோடு வேண்டும் என்றாலும் தவறில்லை. எல்லோர் தாளிலும் அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கணினியில் மியூஸ்ஸ்கோர் போன்ற மென்பொருளில் எழுதிக் கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் தாண்டலுக்குப் பிறகு ரிப்பீட்டை வாசிக்கும் தேர்வு இயல்பாக அணைந்தே இருக்கும். வேண்டுமானால் டி.எஸ். குறியைத் தொட்டு அதன் பண்புகளில் இயக்கிக்கொள்ள வேண்டும்.

சின்னக் குறிகள் சில

சதவீதக் குறி போல, சாய்கோட்டுக்கு இருபுறமும் புள்ளி வைத்து ஒரு பார் முழுவதையும் அடைத்திருந்தால், முந்தைய பாரை அப்படியே இன்னொரு முறை வாசிக்க வேண்டும். பார் கோட்டின் மேலேயே இரட்டைச் சாய்கோடு போட்டு மேலே 2 என்று இருந்தால் முந்தைய இரண்டு பார்கள். டிரம்ஸ், கிட்டார் தாள்களில் இவை நிறைய வரும். எட்டுப் பார் தொடர்ந்து இதுவே இருந்தால் நாலாவது, எட்டாவது பார்களின் மேல் சின்னதாக எண் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எண்ணிக்கை கைவிட்டுப் போகும். மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் உரிய p, f எழுத்துகள் நடுவே சிறு கோட்டோடு சேர்ந்து நின்றால், முதல் முறை மெல்ல, ரிப்பீட்டில் பலமாக.

கீர்த்தனையையும் சினிமாப் பாட்டையும் ஸ்டாஃபில் எழுதும்போது

மேற்கத்திய குறிகளை நம் பாட்டு வடிவத்துக்குப் பொருத்துவதுதான் மலை ஊர் ஆலயங்களில் கீபோர்டு வாசிப்பவருக்கு உண்மையான வேலை. ஒரே ஆராதனையில் ஞானப்பாட்டும் வரும், கீர்த்தனையும் வரும். ஞானப்பாட்டு எளிது. ஒரே மெட்டு, நாலைந்து சரணம், எல்லாச் சரணத்துக்கும் அதே இசை. ரிப்பீட் குறியே இல்லாமல் சரண எண்கள் மட்டும் இருக்கும். எத்தனை சரணம் பாடப்போகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டால் போதும்.

கீர்த்தனை வேறு. அனுபல்லவி முடிந்ததும் பல்லவி, ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவி. தமிழ்க் கீர்த்தனைப் புத்தகங்களில் சரணத்தின் கடைசியில் ஒரு கோடு போட்டுப் பல்லவியின் முதல் சொல்லை மட்டும் அச்சிட்டிருப்பார்கள். அந்தக் கோடும் சொல்லும்தான் நம்மவர்களின் டா கேபோ. இதை ஸ்டாஃபில் எழுதப்போனால் ஒரு பொறி இருக்கிறது. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தை (எட்டு அடிச் சுற்றை) நான்கு அடியில் இரண்டு பாராக எழுதுவோம். பல்லவி 1–4, அனுபல்லவி 5–8, சரணம் 9–16 என்று வையுங்கள். பல்லவி முடிவில் ஃபீனே எழுதி, 8-ஆம் பாரில் டி.சி. அல் ஃபீனே போட்டுவிட்டால் தாளின்படி வாசிப்பவர் பல்லவியோடு பாட்டை முடித்துவிடுவார். சரணம் தாளில் இருக்கும், பாட்டில் வராது. 8-ஆம் பாரின் அடியில் "பல்லவி, பிறகு 9" என்று தமிழிலேயே எழுதுங்கள். டி.சி. அல் ஃபீனேயை 16-ஆம் பாருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சரணங்கள் மூன்று என்றால் கடைசிச் சரணத்துக்குப் பிறகுதான் ஃபீனே என்பதையும் எழுதுங்கள். தலைப்பில் ப–ப–அ–ப–ச1–ப–ச2–ப–ச3–ப என்று ஒரு வரி. அது இருந்தால் இத்தாலியச் சொல் எதுவும் இல்லாமலே வாசித்துவிடலாம்.

சினிமாப் பாட்டு வடிவத்தில் இன்னொரு சிக்கல். சரணம் இரண்டும் ஒரே மெட்டாக இருக்கும், இடையிசை மட்டும் இரண்டு விதமாக வரும். இதற்கு வெறும் கூரை போதாது, ஏனென்றால் முதல் இடையிசைக்குப் பிறகு திரும்பி வராமல் சரணத்துக்குப் போக வேண்டும். இப்படி எழுதலாம்: முன்னிசை 1–8. பல்லவி 9–16, தொடக்கத்தில் சென்யோ. முதல் இடையிசை 17–24, அதன் முடிவில் "33-க்கு". இரண்டாம் இடையிசை 25–32. சரணம் 33–48, முடிவில் டி.எஸ். வால் 49–52. பல்லவியின் கடைசிப் பார் மேல் பெரிதாக "1-ஆம் முறை 17, 2-ஆம் முறை 25, 3-ஆம் முறை வால்" என்று எழுதிவிடுங்கள். கூட்டினால் 84 பார் வரும், தாளில் 52தான். எல்லாவற்றையும் விரித்து எழுதினால் குறியே தேவையில்லைதான், ஆனால் பாட்டின் நடுவே கூடுதலாகப் பக்கம் புரட்ட வேண்டிவரும்.

ஸ்டைல் (தானாக ஒலிக்கும் தாளப் பின்னணி) ஓடும் கீபோர்டு என்றால் எந்தப் பட்டனை எங்கே அழுத்துவது என்பதையும் அதே பென்சிலால் குறியுங்கள். பல கீபோர்டுகளில் எண்டிங் பட்டனை அழுத்தினால் அடுத்த பாரிலிருந்துதான் முடிவு தொடங்கும். ஆகவே வாலுக்கு முந்தைய பாரிலேயே விரல் அங்கே போயிருக்க வேண்டும்.

வடிவங்களைக் கண்டுபிடித்தல்

குறிகளைப் பார்த்தவுடன் வடிவம் பிடிபட்டால் வழி எழுதுவது பாதி முடிந்த மாதிரி. பகுதிகளுக்கு அ, ஆ, இ என்று பெயர் கொடுங்கள்.

இரண்டு பகுதி, ஒவ்வொன்றுக்கும் ரிப்பீட் என்றால் அஅஆஆ. பியானோ தொடங்கும் எல்லோரும் வாசிக்கும் ஜி மேஜர் மினுயட் (மூன்றடி நடன இசை) இந்த வகை. இசையமைப்பாளர் பாக் குடும்பத்தின் இசைக் குறிப்பேட்டில் இருந்ததால் பாக் பெயரிலேயே புழங்கி, இப்போது கிறிஸ்டியான் பெட்ஸோல்டின் படைப்பு என்று ஏற்கப்பட்டது அது. 16 பார், 16 பார், ரிப்பீட்டோடு 64. மினுயட்டும் டிரியோவும் (நடுவே வரும் மாற்றுப் பகுதி) சேர்ந்து வந்து கடைசியில் டி.சி. இருந்தால் மினுயட் மறுபடி வரும், இந்த முறை உள் ரிப்பீட் இல்லாமல். எட்டு எட்டாக நான்கு பகுதி என்றால் அச்சில் 32, வாசிப்பில் 80.

அ–ஆ–அ என்பது மும்மைப் பகுதி வடிவம், பெரும்பாலும் டி.சி. அல் ஃபீனேயால் எழுதப்படும். அ–ஆ–அ–இ–அ என்று முதல் பகுதி திரும்பத் திரும்ப வந்தால் ரோண்டோ. பீத்தோவனின் ஃபூர் எலீஸ் அப்படித்தான். பல்லவிக்குத் திரும்பிப் பழகிய காதுக்கு ரோண்டோ விளங்க ஐந்து நிமிடம் போதும். கிட்டார் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு பார் புளூஸ்: நான்கு பார் முதல் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு), இரண்டு பார் நான்காம் கார்டு, இரண்டு பார் முதல் கார்டு, பிறகு ஐந்து, நான்கு, ஒன்று, ஒன்று. இந்தப் பன்னிரண்டும் சுற்றிச் சுற்றி வரும்.

வெலிங்டன் பக்கம் ராணுவ பேண்டு வாசித்துப் போவதைக் கேட்டவர்களுக்கு அணிவகுப்பு இசையின் வடிவம் காதில் இருக்கும்: சின்ன முன்னிசை, பதினாறு பார் அளவில் ரிப்பீட்டோடு ஒரு பகுதி, அதேபோல் இன்னொன்று, பிறகு டிரியோ. நடந்துகொண்டே வாசிக்க வேண்டியிருப்பதால் கருவியில் பொருத்திய உள்ளங்கை அளவு அட்டையில் முழு இசையும் அடங்க வேண்டும். ரிப்பீட் குறிகள் எவ்வளவு இடத்தை மிச்சம் செய்கின்றன என்பது அந்த அட்டையைப் பார்த்தால் தெரியும்.

மேற்கத்திய இசைக் கிரேடு தேர்வுக்குப் போகிறவர்கள் பாடத்திட்டத்தின் பொது விதிகளை ஒரு முறை படித்துவிடுங்கள். வழக்கமாக நீண்ட ரிப்பீட்டுகளை விட்டுவிடச் சொல்வார்கள், டி.சி., டி.எஸ். குறிகளை மட்டும் பின்பற்றச் சொல்வார்கள். வீட்டில் ரிப்பீட்டோடு மட்டுமே பழகிய கை, தேர்வு அறையில் நேரே போக மறுக்கும். இரண்டு விதமாகவும் பழகுங்கள்.

ஒத்திகையில்

வழி எழுதியாகிவிட்டது என்றால், கருவியை மூடி வைத்துவிட்டு, விரலைத் தாளின் மேல் ஓட்டிக்கொண்டே அடிகளை மட்டும் எண்ணி ஒரு முறை முழுதாகப் போங்கள். விரல் எங்கே தயங்குகிறதோ அங்கேதான் வாசிக்கும்போதும் தடுமாறும். பிறகு ஒட்டுகளைத் தனியாக எடுங்கள். தாண்டலுக்கு முந்தைய இரண்டு பார், தாண்டிய பின் இரண்டு பார், இந்த நான்கையும் நிற்காமல் ஐந்து முறை. மேலே சொன்ன 30 பார் தாளில் ஒட்டு ஐந்துதான்: 12-லிருந்து 5, 10-லிருந்து 13, 26-லிருந்து குறி, குறியிலிருந்து வந்த பின் மறுபடி 10-லிருந்து 13, 22-லிருந்து வால். இரண்டாவதும் நான்காவதும் ஒன்றே. கால்மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மஞ்சு இறங்கும் மாலைகளில் ஜெராக்ஸ் தாள் ஈரம் பிடித்துத் துவண்டு ஸ்டாண்டில் மடங்கி விழும், மை பேனாவில் எழுதிய குறிகள் பரவிவிடும். தாளை அட்டையில் ஒட்டி, 2பி பென்சிலில் எழுதுங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டால் விளக்கு வெளிச்சம் பட்டுச் சென்யோவே தெரியாமல் போகும். டி.எஸ். பின்பக்கத்தில் இருந்து சென்யோ முன்பக்கத்தில் இருந்தால், முன்பக்கத்தின் அந்தப் பகுதியை மட்டும் கையால் எழுதிப் பக்கவாட்டில் ஒட்டி மடித்துக்கொள்ளுங்கள். பின்னோக்கிப் பக்கம் புரட்ட நேரம் இருக்காது.

மேடையில் மாஸ்டர் சைகையும் வழி காட்ட வேண்டும். உச்சந்தலையைத் தொட்டால் தலைக்குப் போக வேண்டும், மூடிய முட்டியைத் தூக்கினால் வாலுக்கு. இசைக்குழுக்களில் பழகிய சைகைகள்தான் இவை. தாண்டும் பாருக்கு இரண்டு பார் முன்னதாகவே காட்டிவிட வேண்டும். அந்தப் பாரிலேயே காட்டினால், தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆல்ட்டோ (தாழ்ந்த பெண் குரல்) வரிசை நிமிர்ந்து பார்ப்பதற்குள் இடம் கடந்துபோயிருக்கும்.